மம்பட்டி கட்டுன சைக்கிள்

எங்க வீட்டு நடையில் ரெண்டு சைக்கிள் நிற்கும். ஒண்ணு அப்பா காலத்து 28 இஞ்ச் சைக்கிள். தினமும் காலையில் வயலுக்கும் சாயங்காலம் பால் ஊத்தவும் போய் வருவது அதுதான். இன்னொண்ணு நான் ஆசைக்கு வாங்கின பழைய கியர் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் இலத்தூரில் கிளம்பி பண்பொழி, செங்கோட்டை, குற்றாலம், தென்காசின்னு ஒரு சுற்று சுற்றி, வீட்டில் காப்பி போடுறதுக்குள்ள திரும்பிடுவேன். பழசு வீட்டுக்கு, புதுசு எனக்கு. வீட்டுக்காரிக்கு ரெண்டு மேலேயும் ஒரே கோபம்தான். "சைக்கிள் செயினுக்குச் சொட்டுச் சொட்டா எண்ணெய் விடுதியளே, அந்தக் கதவுக் கீலு ஒரு வருசமா அழுவுது, அதுக்கு ஒரு சொட்டு விட்டா என்ன?" என்பாள்.

டவுன்ல இருக்கிற நண்பர்களுக்கு சைக்கிள்னா இப்போ உடம்பைக் குறைக்கிற சாமான். ஹெல்மெட், கையுறை, கியர், ஆப் என்று பேசுவார்கள். தப்பில்லை, நானும் பேசுவேன். ஆனா எங்க பக்கத்துல சைக்கிள் விவசாயக் கருவியாகவும், வீட்டுச் சாமானாகவும், பெண்பிள்ளைகள் படிக்கிறதுக்கு வழியாகவும் இருந்திருக்கு. அந்த வரலாற்றைக் கொஞ்சம் எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பு.

சீமையில் இருந்து வந்த சக்கரம்

முதல்ல உலகக் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் ஒரு இரண்டு சக்கர வண்டி செய்தார். அதுக்குப் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போகணும். 1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. பிறகு முன்சக்கரம் ஆள் உயரத்துக்குப் போய், விழுந்தால் மண்டை உடையும் என்கிற நிலை. 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒரே அளவு சக்கரங்கள், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின் என்று 'ரோவர்' வண்டியைக் கொண்டு வந்தார். இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற எல்லா சைக்கிளும் அதோட வம்சம்தான்.

1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த மாட்டு டாக்டர் ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதுவரை சைக்கிள் சவாரி என்பது எலும்பை ஆட்டுற வேலை. காற்று டயர் வந்ததும் உலகம் முழுக்க ரப்பருக்கு அலைந்தார்கள். ஆப்பிரிக்காவில் காங்கோ மக்களை பெல்ஜியம் ராஜா லியோபோல்டின் ஆட்கள் அடித்து, கையை வெட்டி, காட்டு ரப்பர் எடுக்க வைத்தது அந்த வருஷங்களில்தான். நம்ம பக்கமும் அந்த அலை வந்தது. 1902-ல் திருவிதாங்கூரில் பெரியாற்றங்கரை தட்டேக்காட்டில் வியாபாரத்துக்கென்று முதல் ரப்பர் தோட்டம் போட்டார்கள். இன்னைக்கு நீங்க செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு கணவாய் தாண்டி தென்மலை, புனலூர் போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சிரட்டை கட்டின ரப்பர் மரமா நிக்கும்.

அந்தக் காலத்தில் இலத்தூரும் திருவிதாங்கூர்தான். அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தென்காசி வெள்ளைக்காரனின் திருநெல்வேலி ஜில்லா. நாங்க மகாராஜா ஊரு, அவங்க கலெக்டர் ஊரு. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் செங்கோட்டைப் பகுதி தமிழ்நாட்டோடு (அப்போ சென்னை மாநிலம்) சேர்ந்தது. திருவிதாங்கூர்ப் பணத்தில் சக்கரம் என்று ஒரு காசு உண்டு. 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிற்காலத்தில் ஊருக்குள் ஓடிய சைக்கிளின் சக்கரமும் 28 இஞ்ச். பழைய ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆரம்பத்தில் சைக்கிள் என்றால் சீமைச் சரக்கு. ராலே, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் கப்பலில் வந்தவை. வாத்தியார், தபால்காரர், டாக்டர், நிலபுலன் உள்ளவர் என்று விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் வைத்திருப்பார்கள். நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி போட்டு, கட்டினதுக்கு அடையாளமா ஒரு உலோக வில்லை கொடுத்தன. அதைச் சைக்கிளில் மாட்டியிருக்கணும். ராத்திரி விளக்கு இல்லாமல் போனால் கேஸ், கேரியரில் ஆளை வைத்து டபுள்ஸ் போனால் கேஸ். இன்னைக்குக் காருக்கு இருக்கிற மரியாதையும் தொந்தரவும் அன்னைக்குச் சைக்கிளுக்கு இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகுதான் கதை மாறுது. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. சீமை ஹெர்குலிஸ் அம்பத்தூர் ஹெர்குலிஸ் ஆனது. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே, 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. பத்து வருஷத்துக்குள் சைக்கிள் இந்தியச் சாமான் ஆகிவிட்டது. அதுக்குப் பிறகுதான் அது எங்க மாதிரி சம்சாரி வீட்டு வாசப்படி ஏறியது.

மம்பட்டிக்கு ஏத்த வண்டி

அந்தப் பழைய 28 இஞ்ச் சைக்கிளைக் கொஞ்சம் நின்னு பாருங்க. முன்சக்கரத்தில் போக்ஸ் கம்பி 32, பின்சக்கரத்தில் 40. கேரியரில் ஏற்றுகிற பாரம் எல்லாம் பின்சக்கரத்தில்தான் விழும் என்று தெரிந்து, இங்கிலாந்திலேயே அப்படித்தான் வகுத்து வைத்திருந்தார்கள். ஃபிரேம் சாய்ந்து நீளமாக இருக்கும், அதனால் குண்டும் குழியும் முதுகுக்கு ஏறாது. முன்பல்சக்கரத்தில் பெரும்பாலும் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற, ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். ஒரே கியர்தான், ஆனா சமதரையில் மூட்டையோடு நிதானமாகப் போவதற்கு அது கணக்கான கியர்.

எங்க ஊர்க்காரர்கள் அதில் தங்கள் பங்குக்குச் சேர்த்தவை உண்டு. மம்பட்டியைப் பாருக்கு நீளவாக்கில் வைத்து, இலை முன்பக்கமும் காம்பு பின்பக்கமுமா, பழைய டியூப்பை வெட்டின ரப்பரால் கட்டுவார்கள். கயிறு கட்டினால் ஆட்டத்தில் நழுவும், டியூப் ரப்பர் பிடித்த பிடி விடாது. பால் கேனுக்குக் கேரியரின் ரெண்டு பக்கமும் கொக்கி. நெல்மூட்டைக்குக் கேரியர் தாங்காது என்பதால் பட்டறையில் கொடுத்து இரும்புப் பட்டையில் தனிக் கேரியர். வாழைத்தாரைப் படுக்க வைக்க அடியில் சாக்கு. ஸ்டாண்டு மட்டும் நல்ல அகலமான ரெட்டைக்கால் ஸ்டாண்டாக இருக்கணும். புல்லுக்கட்டை ஏற்றும்போது சைக்கிள் சாய்ந்தால், தூக்கி நிறுத்த ரெண்டு ஆள் வேணும்.

அதோட குறையையும் சொல்லணும். கம்பி பிரேக்கு மழைக்கு ஆகாது. ஈயம் மாதிரி பளபளக்கிற இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும், பிடிக்காது. ஜூன், ஜூலையில் சாரல் விழும்போது குற்றாலத்தில் இருந்து தென்காசிக்கு இறங்குற ஆள் செருப்புக் காலைத் தரையில் தேய்ச்சுத்தான் வண்டியை நிறுத்துவார். அப்புறம் காத்து. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கே இருந்து வர்ற காத்து சும்மா இல்லை. அதை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காத்தாலை நிக்குது. ஆடி மாசத்தில் இலத்தூரில் இருந்து செங்கோட்டைக்கு மிதித்தால் ஒரு மைல் ரெண்டு மைலாத் தெரியும். திரும்பி வரும்போது மிதிக்கவே வேண்டாம். கியர் சைக்கிள் எனக்கு உண்மையிலேயே உதவுறது அங்கதான். எதிர்க்காத்துல பின்னால பெரிய பல்லுக்கு மாத்திட்டு, வேகத்தைப் பாக்காம காலை மட்டும் ஒரே சீராச் சுத்திக்கிட்டே போனா மூச்சு வாங்காது.

ராத்திரி பம்புசெட்டுக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்தில் தண்ணி பாய்ச்சப் போன தலைமுறைக்கு டைனமோதான் துணை. டயரில் உரசி ஓடும் அந்தச் சின்னப் புட்டி 'கிர்ர்' என்று சத்தம் போடும், மிதிக்கிற அளவுக்குத்தான் வெளிச்சம். நின்றால் இருட்டு. பாம்பு இருக்கிற வரப்பில் இறங்குறதுக்கு முன்னால சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் சுத்தி வெளிச்சம் பார்த்துட்டு இறங்குவார்கள்.

இதே வித்தை கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிய வேலை செய்திருக்கிறது. 1990-களில் யாழ்ப்பாணத்தில் போர். மின்சாரம் இல்லை, பெட்ரோலுக்குத் தடை, டார்ச் பேட்டரிக்குக்கூடத் தடை. ஊரே சைக்கிளில் ஓடியது. ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனதும், கல்யாணப் பெண் போனதும், வீட்டைக் காலி செய்து சனங்கள் இடம் பெயர்ந்ததும் சைக்கிளில். ராத்திரியானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். உயிரோடு இருப்பது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வீடு சைக்கிளைச் சுற்றியிருக்கிறது.

அண்ணாச்சி கடை

சைக்கிள் பரவினதுக்குக் கம்பெனிக்காரங்க மட்டும் காரணம் இல்லை. ஊருக்கு ஊர் இருந்த சைக்கிள் கடைகளுக்கு அதில் சரிபாதிப் பங்கு உண்டு. சொந்தமா வாங்க முடியாதவனுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். பெயரையும் நேரத்தையும் சிலேட்டிலோ நோட்டிலோ எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். சின்னப் பையன்களுக்கு அரை சைக்கிள், முக்கா சைக்கிள். அதுவும் கிடைக்காதவன் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவான். திருவிழாச் சமயம் பொட்டலில் ராத்திரி பகலா இறங்காமல் சைக்கிள் ஓட்டுற ஆளைப் பார்க்க ஊரே கூடும். அவர் ஓட்டிக்கிட்டே குளிப்பார், சாப்பிடுவார், கடைசி நாளில் ரூபாய் மாலை விழும்.

எங்க ஊர்ப்பக்கம் இருக்கிற கடை அண்ணாச்சிக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். சக்கரத்தைச் சுத்திவிட்டு, கட்டைவிரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கோட்டம் எடுப்பார். எந்தக் கம்பியை முறுக்கணும், எதைத் தளர்த்தணும் என்பது விரலுக்குத் தெரியும். பெடல் மிதிக்கையில் 'டக் டக்' என்றால் காட்டர் பின் தேய்ந்திருக்கு என்பார், குனிந்து பார்க்கவே மாட்டார். காற்று நிற்கவில்லை என்று போனால் முதலில் டியூப்பைக் கழற்ற மாட்டார். வால்டியூப்பை உருவி எச்சில் தொட்டுப் பார்ப்பார், பாதி நேரம் அதில்தான் கோளாறு இருக்கும். அந்தச் சின்ன ரப்பர்க் குழாய் மாற்றினால் பஞ்சர் காசு மிச்சம்.

மகனைப் பற்றிக் கேட்டால், "அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். இந்தக் கிரீஸ் கையைப் பாத்துப் பொண்ணு யாரு குடுப்பா?" என்பார். அவருக்குப் பின்னாடி அந்தக் கடை இல்லை.

பாரில் உட்கார்ந்த பிள்ளை

எங்க அம்மை ஒருநாளும் சைக்கிள் ஓட்டினது இல்லை. அப்பா பின்னால் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனது ஊருக்குள் ரெண்டு நாள் பேச்சாக இருந்ததாம். என் வீட்டுக்காரி பள்ளிக்கூடம் படிக்கையில் சித்தப்பாவோட சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், குளத்தங்கரையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டக் கத்துக்கிட்டவள். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கு.

அவள் ஒளிஞ்சு கத்துக்கிட்ட விஷயத்தை ஒரு மாவட்டமே வெளிப்படையாகச் செய்த வரலாறு நம்ம தமிழ்நாட்டில் நடந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கல்குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், பால்வாடி ஆயாக்கள், நர்சுகள், டீச்சர்கள் எல்லோரும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அங்கே போய் இதை விவரமாக எழுதினார்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் ஒண்ணு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அப்புறம் சிலர் அதுதான் வசதி என்றார்கள், ஏன்னா முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். சீமையில் பாவாடைக்கு இடைஞ்சல் என்று பாரை வளைத்துக் கீழே இறக்கி லேடீஸ் மாடல் செய்தார்கள். புதுக்கோட்டைப் பெண்ணுக்கோ பிள்ளையும் வேணும், தண்ணிக்குடமும் வேணும், சந்தைக்குக் கொண்டு போற சாமானும் வேணும். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அவள் கைக்குத் திரும்பி வந்தது. யாராவது ஆம்பிளை கொண்டு விடணும் என்கிற நிலை போனது.

அரசாங்கமும் இதைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2001-02-ல் பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவ மாணவிகளுக்கு விரித்தார்கள். 2006-ல் பீகார் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இதே மாதிரி திட்டம் கொண்டு வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்கிற பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்ததில், பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். 'இலவசம்' என்று டீக்கடையில் இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும்.

என் மகளுக்கும் பிளஸ் ஒன்னில் சைக்கிள் வந்தது. புது சைக்கிள் எந்தக் கம்பெனியா இருந்தாலும் கடையில் இருந்து வந்த கையோடு ஓட்டக் கூடாது. எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கி, ரெண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பால்ஸுக்கு கிரீஸ் வைத்தால் பத்து வருஷம் உழைக்கும். அண்ணாச்சி அரை நாளில் செய்து கொடுத்தார். சைக்கிள் தயாரானதும்தான் வீட்டில் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சது. பள்ளிக்கூடத்துக்குப் போக மெயின் ரோட்டில் ஏறணும். திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகிற அந்த நெடுஞ்சாலையில் கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றின லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை அடி பள்ளம். லாரி ஹாரன் அடிச்சா சைக்கிள் அதில்தான் இறங்கணும்.

நான் பைக்கில் கொண்டு விடுறேன்னு சொன்னேன். வீட்டுக்காரி ஒத்துக்கலை. "நீங்க கொண்டு விட்டு, நீங்க கூட்டி வந்து, அப்போ உங்களுக்குச் சௌரியப்படுற நாள்ல மட்டுந்தான் அவ படிப்பாளா?" என்று கேட்டாள். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். குளத்துக்கரை வழியா ஊருக்குள்ளேயே போற ரோடு. ரெண்டு கிலோமீட்டர் சுத்து. தெருவில் இன்னும் ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்து மூணு பேராகப் போகணும். ரெண்டு வருஷமும் அப்படித்தான் போனாள். மழை நாளிலும் லீவு போட்டது குறைவு.

மூணு சங்கதி

இந்த இருநூறு வருஷக் கதையில் எனக்குப் புரிஞ்சது இதுதான். சைக்கிள் ஒரு ஊரில் ஓடணும்னா இரும்பும் ரப்பரும் போதாது. நடந்து போகிற தூரத்தில் சரிபண்ணிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். பயம் இல்லாமல் போக ரோடு வேணும். 'போயிட்டு வா' என்று அனுப்புற வீடு வேணும். எங்க அம்மை காலத்தில் ஆளும் ரோடும் இருந்தது, அனுப்புற வீடு இல்லை. இப்போ வீடு அனுப்பத் தயார். ரோட்டைத்தான் லாரிக்குக் கொடுத்துட்டோம், கடைகள் ஒவ்வொண்ணா மூடுது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 45 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே சாகிபாபாத்தில் அட்லஸ் தொழிற்சாலை நின்றுபோனது.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்தில் ஒண்ணரை மீட்டர் சைக்கிளுக்கு விடுங்கள் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை. டவுனில் சைக்கிள் பாதை கேட்டுப் பேசுகிற நண்பர்கள், அதே வாயால் இலத்தூர் விலக்கு மாதிரி ஆயிரம் விலக்குகளுக்கும் சேர்த்துக் கேட்கணும். அங்கே உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் போகிற வழி.

சைக்கிளோட குற்றாலம் வர்றவங்களுக்கு ஒரு யோசனை. டயரில் காற்று நல்லா இருந்தாலும் வழியில் ஒரு சைக்கிள் கடையைப் பார்த்தால் நிறுத்துங்க. செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க, ரெண்டு வால்டியூப் வாங்கிப் பையில் போட்டுக்கோங்க, அவர் கேட்கிற காசைப் பேரம் பேசாமல் கொடுங்க. நான் போன மாசத்தில் இருந்து சாயங்காலம் அரை மணி நேரம் அண்ணாச்சி கடையில் உட்காருறேன். கோட்டம் எடுக்கப் பழகுறேன். பின்சக்கரம் நாப்பது கம்பி, இன்னும் கைக்கு வரலை. முன்சக்கரம் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்.